அந்தமான் அலையாத்திக் காடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோரும், அங்கே சுற்றிப்பார்க்கச் செல்வோரும், கடலோரச் சூழலியல் பயிலும் மாணவர்களும் அலையாத்திக் காடுகளைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. நிலம், நீர், உயிரினம், மனிதர் என்று எதைப் பற்றிய கேள்வியாக இருந்தாலும், விடை பெரும்பாலும், கடலில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதநீர் எந்த மட்டம் வரை வந்து திரும்புகிறது என்பதிலேயே அடங்கியிருப்பதை வாசகர்கள் காணலாம்.

சதுப்பு நிலத்தில் வளரும் மரமெல்லாம் அலையாத்தி மரமா?

இல்லை. நன்னீர்ச் சதுப்பில் வளரும் மரங்கள் வேறு. ஓதம் ஏறும்போது உப்புநீரில் மூழ்கி நின்றும், ஓதம் வற்றும்போது காற்றுக்கும் வெயிலுக்கும் வெளிப்பட்டும், நாளுக்கு இரண்டு முறை நேரும் இந்த மாற்றத்தைத் தாங்கி வாழும் தாவரங்களின் தொகுதியே அலையாத்திக் காடு. கண்டல் காடு என்றும் இதைச் சொல்வதுண்டு. இந்தத் தாவரங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தில்லை மரம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிக்கோபார் தீவுகளில் கூரை வேயப் பயன்பட்டுவந்த நீப்பா, பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுரபுன்னைக்கு இவ்விரண்டோடும் நெருங்கிய உறவு கிடையாது. வெவ்வேறு வழிவந்த தாவரங்கள் ஒரே நெருக்கடிக்குத் தனித்தனியே வழி கண்டுபிடித்து, ஒரே சேற்றில் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தமானில் இக்காடுகள் எவ்வளவு பரப்பில் உள்ளன? எங்கெங்கே உள்ளன?

இந்திய வன அளவைத் துறையின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் மொத்த அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். அதில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பங்கு 616 சதுர கிலோமீட்டர். மேற்கு வங்கத்துக்கும் குஜராத்துக்கும் அடுத்த இடம் இத்தீவுகளுக்கு உரியது. இப்பரப்பில் மிகப் பெரும்பகுதி வடக்கு, நடு, தெற்கு அந்தமான்களில்தான் இருக்கிறது. நிக்கோபார் மாவட்டத்துக்கு மிகச் சிறிய பங்கே உண்டு. ஏன் அப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நடு அந்தமானுக்கும் தெற்கு அந்தமானுக்கும் இடையிலுள்ள பாராடாங் தீவு, ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர் வட்டாரங்கள், போர்ட் பிளேயரை அடுத்துள்ள சிப்பிகாட், தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் முதலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட லோகாபாராக் ஆகியவை இக்காடுகளை நன்கு காணக்கூடிய இடங்கள். (போர்ட் பிளேயரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது, மக்கள் நாவில் பழைய பெயரே இருப்பதால் இங்கும் அதுவே வருகிறது.)

சுந்தரவனத்தைப் போலவோ பிச்சாவரத்தைப் போலவோ இவை பேராற்றுக் கழிமுகத்தில் வளர்ந்தவை அல்ல. இத்தீவுகளில் பெரிய ஆறுகள் இல்லை. மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் கடலைத் தொடும் இடங்களிலும், அலையின் வேகம் எட்டாத உள்ளடங்கிய விரிகுடாக்களிலும், தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நீர்வழிகளிலும்தான் இவை வேர்கொண்டிருக்கின்றன. அத்தகைய நீர்வழிகளை உள்ளூர்த் தமிழர்களும் இந்திச் சொல்லால் நாலா என்றே அழைக்கிறார்கள். பிச்சாவரத்தில் ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை எட்டாது. அந்தமானிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது ஏறத்தாழ இரண்டு மீட்டர். அதனால்தான் இங்குள்ள காடுகள் உள்நோக்கி அகலமாகப் பரவவும், சில இடங்களில் மரங்கள் 20 மீட்டருக்கும் மேல் உயரவும் முடிந்திருக்கிறது.

உப்புநீரில் மற்ற மரங்கள் பட்டுப்போகும்போது இவை மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

இரண்டு வழிகளில். சுரபுன்னை, வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிட்டு, ஏறக்குறைய நன்னீரையே மேலே இழுத்துக்கொள்கிறது. வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக அதை வெளியேற்றிவிடுகிறது. மழையில்லாத நாளில் வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், அதன் மேல் பொடிப்பொடியான உப்புப் படிகங்கள் மின்னுவதைக் காணலாம். விரலால் துடைத்து நாவில் வைத்தால் கரிக்கும். ஆயினும் உப்பைத் தாங்க முடிவது வேறு, உப்பை விரும்புவது வேறு. நன்னீர் கொஞ்சமும் கலக்காத இடத்தில் இம்மரங்கள் குட்டையாகி நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்வது அந்தமான் காடுகளின் செழிப்புக்கு முக்கியமான காரணம்.

நீர் தேங்கிய சேற்றில் வேர்கள் எப்படி மூச்சு விடுகின்றன?

சேற்றை ஒரு கை அள்ளி முகர்ந்தால் அழுகிய முட்டையின் வாடை அடிக்கும். காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் வாடை அது. மேற்பரப்பிலிருந்து சிறிது ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஆகவே வேர்கள் காற்றைத் தேடி மேலே வர வேண்டியிருக்கிறது. சுரபுன்னை தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் வளைந்திறங்கும் முட்டுவேர்களை ஊன்றுகிறது. வெண்கண்டல் விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்களைச் சேற்றிலிருந்து நிமிர்த்துகிறது. புரூகியேரா இனத்தின் வேர்கள் முழங்காலை மடக்கியதுபோல மேலெழுந்து மறுபடி சேற்றில் புகுகின்றன. இவ்வேர்களின் மேல்தோலிலுள்ள நுண்துளைகள், ஓதம் வற்றியிருக்கும் சில மணி நேரத்தில் காற்றை உள்வாங்கிக் கொள்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சில மணி நேரம்தான். மூச்சுவேர்கள் நாள் முழுவதும் மூழ்கியே இருந்தால் மரம் திணறிச் சாகும். நாள்கணக்கில் நனையாமலே இருந்தால் சேறு காய்ந்து, உப்பு முற்றி, அப்போதும் மரம் சாகும்.

விதை மரத்திலேயே முளைப்பது உண்மையா?

உண்மை. சுரபுன்னையின் விதை கனிக்குள்ளிருந்து விழாமல், தாய்மரத்தில் தொங்கியபடியே முளைவிடுகிறது. கீழ்நுனி கூர்ந்து, முருங்கைக்காயைப் போல் நீண்டு, சில இனங்களில் அரை மீட்டருக்கும் மேல் வளர்ந்த பிறகே அது கழன்று விழுகிறது. நீர் வற்றியிருக்கும்போது விழுந்தால் நேரே சேற்றில் குத்தி நிற்கலாம். நீர் ஏறியிருந்தால் மிதந்து செல்லும். மிதக்கும் முளை முதலில் படுக்கையாகக் கிடந்து, நாளடைவில் அடிப்பகுதி நீரை உறிஞ்சிக் கனத்து நிமிர்ந்து, ஆழமற்ற சேற்றில் அடி தட்டியதும் வேர்விடுகிறது. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் கூட, அது உயிரோடு மிதக்கும். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு இக்காடு பரவியது இப்படித்தான்.

2004ஆம் ஆண்டு நிலநடுக்கம் இக்காடுகளை என்ன செய்தது?

அலையாத்திக் காட்டின் இயல்பை எந்தப் பாடநூலும் சொல்லித்தராத அளவுக்கு வெளிப்படையாகக் காட்டிய நிகழ்வு அது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய நிலநடுக்கம், ரிக்டர் அளவு என்று மக்கள் சொல்லும் கணக்கில் 9ஐத் தாண்டியது. பிளவு வடக்கு நோக்கி ஓடி அந்தமான் வரை எட்டியது. சுனாமியைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். ஆனால் தீவுகளின் தரைமட்டமே அன்று மாறிப்போனதைப் பலர் அறியார்.

நிக்கோபார் பக்கம் தரை அமிழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியதால், கரையில் இருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. போர்ட் பிளேயர் வட்டாரத்தில் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் மேற்குப் பக்கத்திலும் இன்டர்வியூ தீவை ஒட்டியும் நிகழ்ந்ததோ நேர்மாறானது: அங்கே தரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆக, ஒரே நாளில், ஒரே தீவுக்கூட்டத்தில், அலையாத்திக் காடுகளின் ஒரு பகுதி மூழ்கவும் இன்னொரு பகுதி மேடேறவும் நேர்ந்தது.

நிக்கோபாரில் இருந்த காடுகளுக்கு இரட்டை அடி. பேரலை மரங்களைப் பெயர்த்தது. எஞ்சி நின்றவற்றை, அலை திரும்பிய பின்னும் வற்றாத நீர் கொன்றது. அத்தீவுகளின் அலையாத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு அழிந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு கணக்கிட்டது. வடக்கு அந்தமானில் மரங்களை எந்த அலையும் முறிக்கவில்லை, கோடரியும் படவில்லை. முன்பு நாள்தோறும் வந்து போன நீர், உயர்ந்துவிட்ட தரையை எட்டவில்லை, அவ்வளவுதான். சேறு வெடித்தது, இலைகள் உதிர்ந்தன, மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டன. அதே கரையில் பவளத்திட்டுகளும் நீருக்கு மேலே வந்து வெளுத்துச் செத்தன.

போர்ட் பிளேயரைச் சுற்றி மூன்றாவது விதமான மாற்றம் நிகழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில், முன்பு மண்கரை கட்டி ஓதநீரைத் தடுத்து நெல் விளைவித்த தாழ்நிலங்களுக்குள் கடல் புகுந்து, திரும்பிப் போகவில்லை. வயல்களை இழந்த குடும்பங்களுக்கு அது பெருந்துயரம். அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்த உவர்நீர்ப் பரப்புகளில் அலையாத்திக் கன்றுகள் தாமாகவே தலைகாட்டத் தொடங்கின. ஓதம் கொண்டுவந்து போட்ட முளைகள் தமக்கு ஏற்ற மட்டம் அங்கே அமைந்துவிட்டதால் வேர்விட்டன. நிக்கோபாரிலும் இப்படியே, முன்பு தென்னையோ மேட்டுக்காடோ இருந்த இடங்களில், புதிய ஓதக்கரைகளை ஒட்டிப் புதிய அலையாத்திகள் முளைத்துவருகின்றன.

அப்படியானால் அலையாத்திக் காடு சுனாமியைத் தடுக்கும் என்பது பொய்யா?

முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. வழக்கமான காற்றலையையும் புயலலையையும் இக்காடு நன்றாகவே தணிக்கிறது. நூறு மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காட்டைக் கடந்துவரும் அலையின் உயரம், காட்டின் அடர்த்தியையும் மரங்களின் வகையையும் பொறுத்து, 13 முதல் 66 விழுக்காடு வரை குறைவதாக அளவீடுகள் காட்டுகின்றன. புயல் எச்சரிக்கை வரும்போது சிறுபடகுகளை நாலாவுக்குள் கொண்டுபோய்க் கட்டிவைப்பவர்களுக்கு இதற்கு எண்கள் தேவையில்லை. ஆனால் பல மீட்டர் உயரத்தில் வரும் சுனாமியின் முன் குறுகிய கரைக்காடு நிற்காது. சிறிய சுனாமியின் வேகத்தை அகலமான காடு ஓரளவு குறைக்கலாம். மிதந்துவரும் படகு, மரத்துண்டு போன்ற பொருள்களை வடிகட்டி நிறுத்தலாம். காடு இருக்கிறதே என்ற துணிவில் தாழ்ந்த கரையில் வீடு கட்டுவதும், எச்சரிக்கை வந்தபின் மேட்டுக்குப் போகாமல் இருப்பதும் உயிருக்கு ஆபத்து.

ஒரு தீவுக்கு இக்காடு தனிப்பட்ட முறையில் ஏன் தேவை? நிலப்பகுதிக் கரையிலும் இதே பயன்தானே?

பயன் ஒன்றே என்றாலும் தீவில் அதன் எடை கூடுதல். அந்தமான் தீவுகள் செங்குத்தானவை. மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு. இரண்டு பருவமழையும் இங்கே பெய்கின்றன. காடு திருத்தப்பட்ட சரிவுகளிலிருந்தும், சாலை வெட்டிய இடங்களிலிருந்தும், கல் குவாரிகளிலிருந்தும் செம்மண் கரைந்து ஓடைகளில் இறங்குகிறது. அந்தக் கலங்கல் நேரே கடலுக்குப் போனால் பவளத்திட்டுகள் மேல் படியும். பவள உயிர்களுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயில் இல்லாமல் உணவு ஆக்க முடியாதவை. மண் மூடினால் பவளம் பட்டினியால் சாகும். ஓடை கடலைத் தொடும் இடத்தில் அலையாத்திக் காடு இருந்தால், முட்டுவேர்களின் பின்னலில் நீரின் வேகம் அடங்கி, மண் அங்கேயே படிந்துவிடுகிறது. தெளிந்த நீர் கடற்புல் திட்டுகளைக் கடந்து பவளத்திட்டுக்குப் போகிறது. அந்தப் பவளத்திட்டு, வெளிக்கடலின் அலைகளை உடைத்து, அலையாத்திக்குத் தேவையான அமைதியான நீரை உள்ளே உண்டாக்கித் தருகிறது. அந்தமானின் மாநில விலங்கான ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கடற்புல்லில்தான். இந்தத் தொடரில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் நலிவடையும்.

மீன்களும் இந்த வழியாகவே நடமாடுகின்றன. கொடுவா, மடவை, இறால், பவளப்பாறை மீன்கள் சில ஆகியவற்றின் குஞ்சுகள் வேர்களுக்கு இடையே ஒளிந்து வளர்கின்றன. பெரிய மீன்கள் அங்கே நுழைய முடியாது. வளர்ந்தபின் அவை கடற்புல்லுக்கும் பவளத்திட்டுக்கும் இடம் மாறுகின்றன. சந்தையில் விற்கப்படும் பவளப்பாறை மீன் தன் வாழ்வில் ஒருநாளும் நாலாவைப் பார்த்திராதது என்று எண்ணுவது பல வகைகளில் தவறாகவே முடியும்.

தீவில் வாழ்வோர்க்கு வேறொரு கணக்கும் உண்டு. நிலப்பகுதியில் ஒரு கரையின் காடு அழிந்தால், மீனவர்கள் அடுத்த கரைக்கோ அடுத்த தொழிலுக்கோ போகலாம். தீவில் அடுத்த கரை என்பது எப்போதும் அருகில் இருப்பதில்லை.

உதிர்ந்த இலை முதற்கொண்டு எல்லாம் உணவாகிறது என்கிறார்கள். எப்படி?

பச்சை இலையில் துவர்ப்பு மிகுதி. அதை உண்பவை குறைவு. பழுத்து உதிர்ந்த இலையைச் சேற்று நண்டுகள் தம் வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. ஓதம் வற்றியபின் நாலாக் கரையில் அசையாமல் சிறிது நேரம் நின்றால், ஒரு நண்டு வெளியே வந்து, தன் உடலைவிடப் பெரிய மஞ்சள் இலையின் காம்பைப் பிடித்துப் பின்னோக்கி நகர்ந்து வளைக்குள் மறைவதைக் காண முடியும். நண்டு தின்றது போக எஞ்சியதைப் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மட்கச் செய்கின்றன. அந்த மட்கில் புரதம் கூடுகிறது. அதை இறாலும் புழுவும் நத்தையும் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது. நண்டின் வளைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன: ஒவ்வொரு ஓதத்திலும் அவற்றின் வழியே நீரும் காற்றும் சேற்றின் உட்பகுதிக்குப் போகின்றன. நண்டுகளை அளவின்றிப் பிடித்துவிட்ட காட்டில் சேறு இறுகிப்போவதற்கு இதுவே காரணம்.

முதலைகள் இருப்பதால் இக்காடுகள் ஆபத்தானவையா?

உவர்நீர் முதலையின் இயற்கையான வாழிடம் இது. அது வெளியிலிருந்து வந்த விலங்கு அல்ல. அலையாத்திக்குப் பின்னாலுள்ள நன்னீர்ச் சதுப்பில், மழைக்காலத்தில், இலைகுழைகளைக் குவித்து அதில் முட்டையிடுகிறது. அந்தச் சதுப்புகளை மேடாக்கிக் கட்டடம் எழுப்பும்போது அதற்கு இடம் குறைகிறது. கோழி, மீன் கழிவுகளை நாலாவில் கொட்டும் வழக்கம் அதை மனிதர் இருக்கும் இடத்துக்கே இழுத்துவருகிறது. உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன, அச்சம் நியாயமானது. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்காதீர்கள். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் நாலாக் கரையில் துணி துவைப்பது, மீன் கழுவுவது ஆகியவற்றைத் தவிருங்கள். கழிவைக் கொட்டுவோரைத் தடுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் முதலையைப் பிடித்து வேறிடத்தில் விடுவதால் பயன் நிலைக்காது.

பறவைகள்?

அந்தமான் தீவுகளுக்கே உரிய அந்தமான் கிளுவை என்ற வாத்தினம் இந்நாலாக்களையும், 2004க்குப் பின் உவர்நீர் தேங்கிய பழைய வயல்களையும் சார்ந்திருக்கிறது. மீன்கொத்திகள் பல வகை உண்டு. வற்றத்தின்போது வலசை வந்த உள்ளான்கள் சேற்றுப்பரப்பில் இறங்கி மேய்வது குளிர்காலத்தின் வழக்கமான காட்சி.

இக்காடுகள் கொசுவையும் மலேரியாவையும் வளர்க்கின்றன என்பது சரியா?

நிக்கோபாரில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசுவான அனோஃபிலிஸ் சுண்டைக்கஸ் உவர்நீரில் முட்டையிடக்கூடியது என்பது உண்மை. ஆனால் அது தேடுவது வெயில் படும், பாசி மிதக்கும், அசையாமல் தேங்கிய உவர்நீரை. நாளுக்கு இருமுறை ஓதம் வந்து அலசிப்போகும், நிழல் மூடிய காட்டுச்சேறு அதற்கு ஏற்றதன்று. மரங்களை வெட்டி வெயிலை உள்ளே விட்டு, குறுக்கே மண்சாலை போட்டு நீரைத் தேக்கினால்தான் அதற்கு வேண்டிய குட்டைகள் உண்டாகின்றன. கடிக்கும் சிறுபூச்சிகள் காட்டில் உண்டு; முழுக்கைச் சட்டை அணிந்து செல்லுங்கள்.

தீவு மக்கள் இக்காடுகளை எவ்வாறு பயன்படுத்திவந்திருக்கிறார்கள்?

அந்தமானின் தொல்குடிகள் விட்டுச்சென்ற பழைய சிப்பிமேடுகளில், அலையாத்திச் சேற்றில் வாழும் நத்தைகளின், சிப்பிகளின் ஓடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இக்காடு அவர்களுக்கு உணவு கொடுத்தும் அழியாமல் இருந்திருக்கிறது. ஜாரவா மக்கள் இன்றும் மேற்குக் கரையின் நாலாக்களில் மீனும் நண்டும் பிடிக்கிறார்கள். நிக்கோபாரியர் நீப்பா ஓலையால் கூரை வேய்ந்தார்கள்; 2004இல் நீப்பாச் சதுப்புகள் மூழ்கியபோது அவர்கள் இழந்தவற்றில் அந்தக் கூரையும் ஒன்று. ஆங்கிலேயர் காலக் குடியேற்றம் விறகுக்கும் கம்பங்களுக்கும் இம்மரங்களைப் பெருமளவில் வெட்டியது. விடுதலைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்கும் பிறருக்கும் நிலம் வழங்கப்பட்டபோது, நாலாக்களின் தலைப்பகுதிகளில் மண்கரை கட்டி வயல்கள் உண்டாக்கப்பட்டன. வாழ வழியின்றி வந்தவர்கள் செய்ததை இன்று குற்றமாகப் பேசுவதில் பொருளில்லை. அந்த வயல்களே 2004இல் முதலில் மூழ்கின என்பதை மட்டும் இனி நிலம் ஒதுக்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

கார்பன் சேமிப்பில் இக்காடுகளின் பங்கு என்ன?

இந்தோ-பசிபிக் பகுதியின் அலையாத்திக் காடுகளில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 டன் கார்பன் அடங்கியிருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வெப்பமண்டல மேட்டுநிலக் காடுகளைவிட இது பல மடங்கு. இதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. காற்றில்லாத சேற்றில் இலையும் வேரும் முழுவதும் மட்காமல் அப்படியே புதைந்துவிடுகின்றன. காட்டை அழித்துச் சேற்றைக் காயவிட்டால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்தக் கார்பன் ஆக்சிஜன் பட்டு வெளியேறத் தொடங்குகிறது.

அழிந்த இடத்தில் கன்று நட்டால் காடு திரும்பி வந்துவிடாதா?

அரசு விழாக்களிலும் பள்ளி விழாக்களிலும் நடப்படும் கன்றுகளின் எண்ணிக்கை செய்தியாகிறது; மூன்று ஆண்டுகளுக்குப் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. எளிதில் கிடைக்கிறது என்பதற்காகச் சுரபுன்னை முளைகளையே எல்லா இடத்திலும் குத்திவைப்பது உலகெங்கும் நடக்கும் தவறு. நீர் வற்றாத சேற்றுத்தட்டில் நட்டவை மூழ்கிச் சாகின்றன. மேட்டில் நட்டவை காய்ந்து சாகின்றன. கடற்புல் மேல் நட்டவை தாமும் செத்து, கடற்புல்லையும் கெடுக்கின்றன.

சரியான முறைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. பிச்சாவரத்தில் முன்பு மொட்டையாக வெட்டப்பட்ட இடங்களில் தரை அமுங்கி, பள்ளத்தில் நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு முற்றிப்போயிருந்தது. கன்றுகள் அங்கே நிற்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் 1990களில் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து திரும்பிப் போக வழி செய்தனர். உப்பு அலசப்பட்டபின் காடு மீண்டது. அந்தமானிலும் செய்ய வேண்டிய முதல் வேலை, சாலைகளுக்கு அடியில் போதிய அகலத்தில் மதகுகள் வைப்பதும், பயனற்றுப்போன மண்கரைகளை உடைத்துவிடுவதும்தான். நீர் சரியாக வந்துபோனால் முளைகள் தாமே மிதந்து வரும். அருகில் தாய்மரங்கள் இல்லாத இடத்தில் மட்டும் நட வேண்டியிருக்கும். 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய மிஷ்டி எனப்படும் அலையாத்தி வளர்ப்புத் திட்டத்தின் வெற்றியும் நட்ட கன்றுகளின் கணக்கில் அல்ல, இத்தகைய நீரோட்டப் பணிகளிலேயே அடங்கியிருக்கிறது.

இன்று இக்காடுகளுக்குள்ள முதன்மையான அச்சுறுத்தல்கள் யாவை?

கடல்மட்ட உயர்வு மெல்ல வரும் அச்சுறுத்தல். மட்டம் உயரும்போது அலையாத்தி பின்வாங்கி மேட்டை நோக்கி நகர வேண்டும். ஆனால் தீவில் அதன் முதுகுக்குப் பின்னால் செங்குத்துச் சரிவோ, சாலையோ, மதிலோ நிற்கிறது. நகர இடமில்லாத காடு மூழ்கும்.

விரைந்து வரும் அச்சுறுத்தல் கட்டுமானம். கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் ஆகியவற்றை உள்ளடக்கிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்கு ஒதுக்கப்படுகிறது. துறைமுகம் அமையவிருக்கும் கலாத்தியா விரிகுடா, பெரிய கடலாமைகளான தோணியாமைகள் முட்டையிடும் கரை. அதன் சரணாலய அறிவிப்பு 2021இல் நீக்கப்பட்டது. இழக்கப்படும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் வளர்க்கப்படும் என்ற ஏற்பாட்டைச் சூழலியல் நோக்கில் ஏற்கவே முடியாது. ஓதமில்லாத நிலத்தில் வளரும் மரம் ஒரு நாலாவின் வண்டலை வடிகட்டாது. ஒரு மீன்குஞ்சுக்கும் இடம் தராது. 2004இல் நான்கு மீட்டர் இறங்கிய கரை அது என்பதையும், அங்கே இயற்கை இருபது ஆண்டுகளாகப் புதிய ஓதக்கரையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் இதனுடன் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. 2011இல் வந்த தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கையும், பெரிய தீவுகளுக்காக 2019இல் வந்த தீவுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அலையாத்திப் பரப்புகளை மிகக் கூடிய பாதுகாப்புப் பிரிவில் வைக்கின்றன. விதிவிலக்குகளின் பட்டியல் நீளாமல் பார்த்துக்கொள்வதே குடிமக்களின் வேலை.

சுற்றிப்பார்க்கச் செல்வோர் எங்கே, எப்போது பார்க்கலாம்?

ரங்கத்துக்கு அருகே ‘தனி நாலா’ என்ற பெயருள்ள இடத்தில் காட்டுக்குள் மரப்பலகைப் பாலம் அமைக்கப்பட்டிருக்கிறது. வேரையும் நண்டையும் நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அது ஆமைகள் முட்டையிடும் கடற்கரையில் சென்று முடிகிறது. பாராடாங்கில் சுண்ணாம்புக் குகைகளுக்குப் படகில் போகும் வழி, இருபுறமும் அலையாத்தி கவிந்த குறுகிய நாலா. அங்கே செல்லும் சாலை ஜாரவா காப்பகத்தின் ஊடே போவதால், வழியில் வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றத்தை ஒட்டிய நேரத்தில் செல்லுங்கள்; ஏற்றத்தின்போது போனால் இலைத்திரளை மட்டுமே பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். படகின் அலை கரைச்சேற்றை அரித்து இளங்கன்றுகளைச் சாய்ப்பதால், குறுகலான இடத்தில் வேகத்தைக் குறைக்கும்படி படகோட்டியிடம் சொல்லுங்கள். தில்லை மரத்தின் கிளையை மட்டும் ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கப்படும், தோலில் பட்டால் கொப்புளம் எழும்.